39-க்கு 3, 16-க்கு 4: கல்லூரி ஐஸ் ஹாக்கி தரும் தாக்குதல் பாடம்

நம் சங்கக் குடும்பங்களிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற பிள்ளைகள் சிலர், குளிர்காலம் வந்தால் தொலைபேசியில் ஐஸ் ஹாக்கியைப் பற்றியே பேசுகிறார்கள். பெற்றோருக்கு அது பிடிபடுவதில்லை. மகள் வீட்டுக்கு மின்னசோட்டா சென்றிருந்தபோது எனக்கும் ஒரு கல்லூரி ஆட்டத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. உள்ளூர் அணி ஓயாமல் கோலை நோக்கி அடித்தது; ஆனாலும் தோற்றது. "ஏன் தாத்தா, இவ்வளவு அடிச்சும் தோத்துட்டாங்க?" என்று கேட்டான் பேரன். அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன்.

களமும் விதியும்

களம் 200 அடி நீளம், 85 அடி அகலம் கொண்ட பனித்தளம். கோல்கீப்பரைச் சேர்த்து அணிக்கு 6 பேர். 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். பந்துக்குப் பதிலாக 3 அங்குல விட்டமும் 1 அங்குல கனமும் உள்ள கெட்டி ரப்பர் வில்லை. கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம்.

களத்தின் குறுக்கே இரண்டு நீலக் கோடுகள் உண்டு. எதிரணிப் பக்கத்து நீலக் கோட்டை வில்லை கடந்த பிறகே தாக்கும் வீரர்கள் கடக்க வேண்டும், முந்தினால் ஆஃப்சைடு. ரயில்வேக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். டோக்கன் முறை உள்ள ஒற்றைப் பாதையில், டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். இங்கே வில்லைதான் டோக்கன்.

ஏன் வெறும் அடி போதாது?

கோலுக்கு நேர் எதிரே 60 அடி தூரத்தில் நிற்பவனுக்கு, இரு கம்பங்களுக்கும் இடையே உள்ள கோணம் சுமார் 6 டிகிரிதான். 15 அடிக்கு நெருங்கினால் அதுவே சுமார் 23 டிகிரி. பக்கவாட்டில் 45 டிகிரி சாய்வாக நின்றால், 6 அடிக் கோல் 4 அடி 3 அங்குலமாகத் தெரியும். அதையும் கனத்த கவசம் அணிந்த கோல்கீப்பர் அடைத்துக்கொண்டு நிற்கிறார். மணிக்கு 80 மைல் வேகத்தில் அடித்தாலும், 60 அடியைக் கடக்க வில்லைக்கு அரை விநாடி ஆகும். பயிற்சி பெற்ற கோல்கீப்பருக்கு, கண்ணுக்குத் தெரிந்து வரும் வில்லையைத் தடுக்க அது போதும். ஆகவே நெருங்க வேண்டும். அவரை நகர்த்த வேண்டும். அல்லது அவர் பார்வையை மறைக்க வேண்டும். தாக்குதல் கலை முழுவதும் இந்த மூன்றில் அடங்கிவிடும்.

1980 தந்த சான்று

1980 பிப்ரவரி 22 அன்று, அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் சோவியத் அணியை அமெரிக்க அணி எதிர்கொண்டது. சோவியத் அணி 1964 முதல் தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற அணி. அமெரிக்க அணியில் இருந்தவர்களோ பெரும்பாலும் கல்லூரி அணிகளில் ஆடி வந்த இளைஞர்கள். 13 நாட்களுக்கு முன்புதான் நியூயார்க்கில் இதே சோவியத் அணியிடம் 10-3 என்று தோற்றிருந்தார்கள்.

பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ். மின்னசோட்டா பல்கலைக்கழக அணிக்கு 1974, 1976, 1979 ஆண்டுகளில் தேசியக் கல்லூரிப் பட்டம் வாங்கித் தந்தவர். வில்லையை மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தும் பழைய வழக்கத்தை விட்டு, வில்லையைக் கைவசம் வைத்துக்கொண்டு இடம் மாறி மாறிக் கொடுத்து வாங்கும் ஐரோப்பியப் பாணியைத் தம் வீரர்களுக்குப் பழக்கினார்.

அன்று கோலை நோக்கி சோவியத் அணி 39 முறை அடித்தது. கிடைத்தது 3 கோல். அமெரிக்க அணி 16 முறைதான் அடித்தது. 4 கோல் போட்டது. அதற்கு அமெரிக்கக் கோல்கீப்பர் ஜிம் கிரெய்க் 36 முறை தடுத்தது பெரிய காரணம். ஆனால் அந்த 4 கோல்களையும் பார்த்தால் தாக்குதலுக்கும் பாடம் உண்டு.

முதல் கோல், பஸ் ஷ்னைடர் ஓரத்திலிருந்து ஓங்கி அடித்தது. அப்படியும் எப்போதாவது விழும். மற்ற மூன்றும்தான் நமக்குப் பாடம்.

இரண்டாவது கோல்: முதல் பகுதி முடியச் சில விநாடிகளே இருந்தன. டேவ் கிறிஸ்டியன் வெகு தூரத்திலிருந்து அடித்தார். கோல்கீப்பர் டிரெட்டியாக் தடுத்தார். வில்லை எதிரே தெறித்தது. பகுதி முடிந்தது என்று சோவியத் வீரர்கள் தளர்ந்துவிட்டார்கள். மார்க் ஜான்சன் தளரவில்லை. இருவருக்கு நடுவே புகுந்து, 1 விநாடி மீதமிருக்கையில் கோலாக்கினார்.

மூன்றாவது கோல்: எதிரணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியே இருந்த நேரம். டேவ் சில்க் மோதப்பட்டு விழுந்தார். நழுவிய வில்லை அருகில் இருந்த ஜான்சனிடம் வந்தது. அவர் அங்கே இருந்ததுதான் விஷயம்.

நான்காவது கோல்: பாவெலிச் கொடுத்த வில்லையை, கோலுக்கு எதிரே காவலின்றி இருந்த மைக் எருசியோனி வாங்கினார். எதிரணிப் பின்கள வீரர் ஒருவரையே திரையாக்கிக்கொண்டு அடித்தார். கோல்கீப்பருக்கு வில்லை கண்ணில் படவே இல்லை. அப்போது மீதம் சரியாக 10 நிமிடம். 4-3 கடைசி வரை நின்றது. இரண்டு நாள் கழித்து பின்லாந்தையும் 4-2 என்று வென்று தங்கம் பெற்றார்கள்.

கல்லூரி அணி செய்ய வேண்டியவை

1. நீலக் கோட்டை வில்லை கைவசம் இருக்கும்படி கடக்கப் பழக வேண்டும். வழி அடைபட்டிருந்தால் மட்டும் மூலைக்கு அடிக்கலாம். அப்போது துரத்த ஒருவர் தயாராக இருக்க வேண்டும்.

2. உள்ளே நுழைந்ததும் மூன்று முன்கள வீரர்களும் முக்கோணமாக நிற்க வேண்டும். ஒருவரிடம் வில்லை, ஒருவர் கோல் வாசலில், திரையாகவும் தெறிப்பதை எடுக்கவும், மற்றவர் சற்றுத் தள்ளி நேர் எதிரே. மூவரும் வில்லையின் பின்னாலேயே ஓடினால் எதிரணிக்குத்தான் கொண்டாட்டம்.

3. பயிற்சியில் மூவருக்கு எதிராக இருவரை நிறுத்தி, சிறிய இடத்தில் ஆட விடலாம். குறுக்கே ஒரு முறையாவது கொடுக்காமல் அடிக்கக் கூடாது. அடித்த பிறகு, வில்லை கோலில் விழும் வரை அல்லது எதிராளி வெளியே தள்ளும் வரை விசில் ஊதக் கூடாது.

4. சுமார் 45 விநாடி முழு வேகத்தில் ஆடிவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். களைத்த காலுக்குத் தெறிக்கும் வில்லை எட்டாது.

5. ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து அடிக்கப்பட்டது, இரண்டாம் முயற்சி இருந்ததா என்று ஒருவர் நோட்டில் குறிக்க வேண்டும். மொத்த எண்ணிக்கை மட்டும் ஏமாற்றும் கணக்கு.

கொடுத்தவனுக்கும் மதிப்பெண்

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. கோல் போட்டவருக்கு 1 புள்ளி. அதற்கு முன் கடைசியாக வில்லையைக் கொடுத்த இருவர் வரை தலைக்கு 1 புள்ளி. வீரரின் கணக்கில் கோலுக்கும் கொடுத்ததற்கும் ஒரே மதிப்பு.

விளையாடிவிட்டு வரும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது, "நீ கோல் போட்டாயா?" என்பதே. அந்தக் கேள்விதான் 60 அடியிலிருந்து அவனை அவசரப்பட்டு அடிக்க வைக்கிறது. இனி "யாருக்குக் கொடுத்தாய்?" என்று கேட்டுப் பார்ப்போம். ஹாக்கியோ கால்பந்தோ, நம் சங்க மைதானத்தில் ஆடும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

பேரனுக்கு என் பதிலும் அதுதான்: அன்று எல்லோரும் அடித்தார்கள்; கொடுக்கத்தான் ஆள் இல்லை.