எந்த அழைப்பை உள்ளே விடுவது?

தொல்லை அழைப்புகளைத் தடுக்கும் செயலி எழுத உட்காருபவர்கள் முதலில் கணக்கிடுவது, எத்தனை நம்பர்களைத் தடுக்கலாம் என்பதைத்தான். ஆண்ட்ராய்டில் அப்படி ஒன்றை எழுதிப் பிறர் கையில் கொடுத்த பிறகு, என் கவலை எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பு ஒன்று தப்பி வந்தால் எரிச்சலோடு போய்விடும். மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்பு நின்றுபோனால் அதற்கு ஈடே கிடையாது.

ஆகவே, சந்தேகத்துக்குரிய நம்பரைத் துண்டிக்காதீர்கள். மணியோசையை மட்டும் அடக்குங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் இதற்கென்றே வசதி இருக்கிறது. அழைப்பு வந்தது பட்டியலில் பதிவாகும். வேண்டுமென்றால் திருப்பி அழைத்துக்கொள்ளலாம். டெலிமார்க்கெட்டிங்குக்கென ஒதுக்கப்பட்ட 140 வரிசை நம்பர்களை மட்டும் நான் தயங்காமல் துண்டிக்கிறேன்.

ஓர் அழைப்பு வந்ததும் முடிவைச் சொல்ல ஆண்ட்ராய்டு நமக்குத் தருவது 5 விநாடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். சர்வரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பது சிக்னல் மங்கிய இடத்தில் நடக்காது. தடுப்புப் பட்டியல் போனுக்குள்ளேயே இருக்கட்டும். யார் யாரை அழைக்கிறார்கள் என்ற விவரமும் வெளியே போகாது. தொடர்புப் பட்டியலைப் படிக்கும் அனுமதியையும் கேட்காதீர்கள். அது இல்லாதபோது, சேமித்து வைத்த நம்பர்களின் அழைப்புகள் நம் செயலியிடம் வருவதே இல்லை. சொந்தபந்தங்களின் அழைப்பு தானாகவே தப்பிவிடுகிறது.

ஒரே நம்பர் +91 சேர்ந்தும், முன்னால் 0 போட்டும், வெறும் பத்து இலக்கமாகவும் வரும். ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

எஸ்எம்எஸ் கதை வேறு. ஆண்ட்ராய்டு 4.4 வந்ததிலிருந்து, முதன்மை எஸ்எம்எஸ் செயலியாக இருந்தால்தான் குறுஞ்செய்தியைத் தடுக்க முடியும். அப்படியென்றால் இரண்டு சிம், படச்செய்தி என எல்லாப் பொறுப்பும் நம் தலையில். அழைப்பு வேலை உறுதியான பிறகே அதில் இறங்குங்கள். அனுப்புநர் பெயரின் கடைசியில் 'பி' இருந்தால் விளம்பரம், அதை ஒதுக்கலாம். 'டி' என்றால் ஓடிபி போன்ற பரிவர்த்தனைச் செய்தி, தொடவே கூடாது.

ஐபோனில் யார் அழைக்கிறார் என்பதே செயலிக்குத் தெரியாது. தடுக்க வேண்டிய நம்பர்களை ஏறுவரிசையில் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

புகார் பொத்தான் ஒன்றையும் அவசியம் வையுங்கள். தொல்லை கொடுத்த நம்பரையும் தேதியையும் நிரப்பி, புகார் எண்ணான 1909-க்கு அனுப்பும் எஸ்எம்எஸ்ஸைத் திரையில் திறந்து காட்டினால் போதும். அனுப்புவது பயனர்தான் என்பதால் இதற்கு எந்த அனுமதியும் தேவைப்படாது.