பழைய தொலைநோக்கிக்குப் புது லென்ஸ்

வீடு மாறும் குடும்பங்கள் நம் டிரஸ்டுக்குக் கட்டில், பீரோ, தையல் மிஷின் என்று கொடுப்பது வழக்கம். இந்த வருடம் ஒரு தொலைநோக்கியும் வந்து சேர்ந்தது. முன் லென்ஸின் ஓரம் உடைந்து, விரிசல் நடு வரை ஓடியிருக்கிறது. நிர்வாகக் கூட்டத்தில் எடைக்குப் போட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தது. மாலை வகுப்புக்கு வரும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோ அது தங்களுக்குக் கிடைக்குமா என்று தினமும் கேட்கிறார்கள். போடக் கூடாது என்பது என் கருத்து. பிள்ளைகளோடு சேர்ந்து அதைச் சரிசெய்ய விரும்பும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

லென்ஸ் வகைத் தொலைநோக்கி என்பது அடிப்படையில் ஒரு குழாய்தான். முன்னால் பெரிய லென்ஸ். பாடப்புத்தகத்தில் பொருளருகு லென்ஸ் என்று படித்திருப்பீர்கள். தூரத்துப் பொருளின் பிம்பத்தை அது குழாயின் பின்பக்கத்தில் விழச் செய்கிறது. கண்ணருகே உள்ள சின்ன லென்ஸ் அந்தப் பிம்பத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. குழாய், ஸ்டாண்டு, திருகு எல்லாம் இந்த இரண்டையும் ஒரே கோட்டில் பிடித்து வைப்பதற்காகவே இருக்கின்றன. அதனால் முன் லென்ஸ் போனால் கருவியே போய்விட்டது என்று அர்த்தமில்லை.

இதற்கு வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டாம். 1850-ல் பாரிஸில் லெரெபூர், செக்ரெத்தான் கம்பெனி செய்த ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்துக்கு வந்தது. ஏறக்குறைய ஐம்பது வருடம் உழைத்த பிறகும் அதைக் கழித்துப் போடவில்லை. 1898-ல் டப்ளின் நகரத்து ஹோவர்ட் கிரப் அதை மாற்றியமைத்துக் கொடுத்தார். அடுத்த வருடம் கோடைக்கானலில் சூரிய ஆய்வகம் தொடங்க, கருவியும் மலையேறியது. அந்த ஆய்வகத்தில் 1904 முதல், வானம் தெளிந்த நாட்களில் எல்லாம் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். ஆரம்பத்தில் படமெடுக்க 10 செ.மீ. லென்ஸ் இருந்தது. 1918-ல் அதற்குப் பதில் 15 செ.மீ. லென்ஸ் போட்டார்கள். லென்ஸ் மாறினாலும் வேலை அறுபடாததால், சூரியப் புள்ளிகள் ஏறி இறங்கும் பதினோரு வருடச் சுழற்சியை ஆராய்பவர்களுக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொடர் பதிவு கையில் இருக்கிறது.

அதே கிரப் கம்பெனியின் 15 அங்குலத் தொலைநோக்கியை ஹைதராபாத் நவாப் ஸஃபர் ஜங் 1901-ல் தம் சொந்தப் பணத்தில் வாங்கினார். அவர் காலத்துக்குப் பின் 1908-ல் அது அரசின் பொறுப்புக்குப் போய், நிஜாமியா வானாய்வகம் ஆனது. கொடையாக வந்த பொருளை என்ன செய்வது என்று நாம் யோசிக்கும்போது இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

இனி வேலைக்கு வருவோம். லென்ஸை மாற்றுமுன் மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். தூசி, ஒன்றிரண்டு கீறல், லேசான மங்கல் இவற்றால் பார்வை பெரிதாகக் கெடாது. ரப்பர் பல்பால் ஊதி, பிறகு வடிநீரில் நனைத்த பஞ்சால் அழுத்தாமல் ஒற்றினால் போதும். கைலி முனையால் துடைக்கிற பழக்கம் இங்கே வேண்டாம். விரிசல் ஓடியிருந்தாலோ, பூஞ்சை கண்ணாடியையே அரித்திருந்தாலோதான் புது லென்ஸ்.

பழைய கருவிகளின் மேல் டி=60, எஃப்=700 என்பது போல் எழுதியிருக்கும். முதலாவது லென்ஸின் குறுக்களவு, இரண்டாவது குவியத் தொலைவு, இரண்டுமே மில்லிமீட்டரில். புது லென்ஸின் குறுக்களவு பழைய வளையத்தில் உட்கார வேண்டும். குவியத் தொலைவு மாறினால் குழாயின் நீளமும் மாறியாக வேண்டும். 700 இருந்த இடத்தில் 900 லென்ஸ் வந்தால் 20 செ.மீ. பி.வி.சி. குழாய் சேர்க்க வேண்டும். 600 வந்தால் 10 செ.மீ. அறுக்க வேண்டும். அறுத்ததை ஒட்ட முடியாது. ஆகவே கடைக்காரர் சொன்ன அளவை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள். பகலில் அறைக்குள் நின்று, ஜன்னல் வழியே தெரியும் நாகமலை முகட்டின் பிம்பம் எதிர்ச் சுவரில் கூர்மையாக விழும்வரை லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரமே குவியத் தொலைவு. சூரியனை வைத்து மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

செலவு குறைந்த வழி மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறது. ஆயிரத்தைப் பவரால் வகுத்தால் குவியத் தொலைவு மில்லிமீட்டரில் வரும். பிளஸ் 1 பவர் என்றால் 1000 மி.மீ. சிலிண்டர் பவர் சேராத சாதா லென்ஸை, வெட்டாத வட்டமாகக் கேட்டு, வளையத்தின் அளவுக்குத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். புடைத்த பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். ஒற்றை லென்ஸ் நிறங்களை வெவ்வேறு தூரத்தில் குவிப்பதால் நிலாவைச் சுற்றி ஊதாக் கரை தெரியும். நடுவில் 25 மி.மீ. துளையிட்ட கறுப்பு அட்டையை லென்ஸின் முன் வைத்தால் அது வெகுவாகக் குறையும். கலிலியோவும் தம் லென்ஸின் ஓரத்தை இப்படி மறைத்துத்தான் பார்த்தார். 1610 ஜனவரியில் அவர் கண்ட வியாழனின் நான்கு நிலாக்களும் பழைய அத்தா கண்ணாடியின் பவரில் நமக்கும் தெரியும்.

நல்ல கருவியில் இருப்பது ஜோடி லென்ஸ்: கிரவுன் கண்ணாடியில் ஒரு குவிலென்ஸ், ஃபிளின்ட் கண்ணாடியில் ஒரு குழிலென்ஸ். ஒன்று சிதறடிக்கும் நிறத்தை மற்றது திருப்பிச் சேர்க்கிறது. லண்டனில் டாலண்ட் என்பவர் 1758-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஜோடியில் ஒன்று உடைந்தால் இரண்டையும் மாற்றுவதே சரி. அவை ஒன்றுக்கொன்று பொருத்தித் தேய்க்கப்பட்டவை. உடையாத ஜோடியைச் சுத்தம் செய்யக் கழற்றுவதானால், முதலில் இரண்டின் விளிம்பிலும் சேர்த்துப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இடையே மூன்று சின்னத் தகடுகள் இருந்தால் அவை அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு லென்ஸ் புரண்டு உட்கார்ந்தாலும் பிம்பம் தெளியாது.

வளையத்தை இறுக்கித் திருகுவதுதான் ஆண்பிள்ளைகள் செய்யும் முதல் காரியம். கண்ணாடி நெரிந்தால் நட்சத்திரம் மூன்று மூலையாகத் தெரியும். மெல்ல ஆட்டினால் லேசாக அசையும் சத்தம் கேட்கும் அளவு போதும். பிறகு இரவில் ஒரு நட்சத்திரத்தை வைத்து, ஃபோகஸைச் சற்று விலக்கிப் பாருங்கள். வளையங்கள் ஒரே மையத்தில் அமைந்தால் லென்ஸ் நேராக இருக்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் லென்ஸ் வளையத்தின் அடியில் காகிதத் துண்டு வைத்துச் சரிசெய்யலாம். குழாயின் உட்புறம் பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அடித்தால் நிலா இன்னும் துலக்கமாக இருக்கும்.

பழைய பெட்டிகளில் கண் லென்ஸோடு திருகிக்கொள்ளும் சின்னக் கறுப்புச் சூரியக் கண்ணாடி ஒன்று இருக்கும். அதைக் கண்டவுடன் உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெயிலின் சூட்டில் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடிக்கும். கண்பார்வை போவதற்கு ஒரு நொடி போதும். பிறை தேடும் ஆவலிலும் இதே ஆபத்து உண்டு. இளம்பிறை சூரியனுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், சூரியன் முழுதாக மறையும்வரை கருவியை மேற்கே திருப்பவே கூடாது. தொலைநோக்கியில் கண்ட பிறையை ஏற்பது பற்றிய சட்டம் உலமாக்கள் சொல்ல வேண்டியது. அதில் நான் நுழையவில்லை.

நம் கருவிக்கு ஜோடி லென்ஸ் வாங்குவதா, முதலில் பிளஸ் 1 லென்ஸில் ஓட்டிப் பார்ப்பதா என்பது அடுத்த கூட்டத்தில் முடிவாகும். இரண்டாவதற்கே என் ஓட்டு. அதுவரை யார் வீட்டிலாவது ஆடாத மரக்கால் ஸ்டாண்டு சும்மா கிடந்தால் அலுவலகத்தில் தெரிவியுங்கள். இருக்கிற ஸ்டாண்டு தொட்டாலே நடுங்குகிறது. இப்போதைக்கு நடுவில் ஒரு மணல் பையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.