இருதயத் தசை நோயும் இருபத்தைந்து எழுத்துக்களும்

உடல் நலமுள்ள ஒருவரது இருதயம் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 72 முறை சுருங்கி விரிகின்றது. ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியே அனுப்புகின்றது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால், அது ஒரு லட்சம் முறைக்கு மேல் சுருங்கி, 7,000 லிட்டருக்கு மேற்பட்ட இரத்தத்தை இறைக்கின்றது எனலாம். ஓய்வின்றி நடைபெறும் இவ்வேலையைச் செய்வது இருதயத்தின் தசையே. அத்தசையின் அமைப்பிலேயே குறை நேரின் என்ன விளையும் என்பதையும், நம் நாட்டு மக்கள் பலரிடம் காணப்படும் ஒரு பரம்பரைக் குறையைப் பற்றி ஆராய்ச்சி கண்ட முடிவுகளையும் இங்குக் காண்போம். கிராமங்களில் பணியாற்றும் சுகாதார ஊழியர்களுக்கும், பள்ளிகளில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இச்செய்திகள் பயன்படும்.

இருதயத் தளர்ச்சி

இருதயத் தளர்ச்சி என்பது தனியொரு நோயின் பெயரன்று. உடலின் தேவைக்கேற்ப இரத்தத்தை அனுப்ப இருதயத்தால் இயலாத நிலைக்கே அப்பெயர் வழங்குகின்றது. 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று டாக்டர்கள் கூறக் கேட்டவர்கள், இருதயம் நின்றுவிட்டது என்று பொருள் கொண்டு அஞ்சுவதுண்டு. இருதயம் இயங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதன் ஆற்றல் குறைந்திருக்கும். அதன் பயனாக நுரையீரலில் நீர் தேங்கி மூச்சுத் திணறலும், கால்களில் நீர் தேங்கி வீக்கமும் உண்டாகின்றன.

இந்நிலைக்குக் காரணங்கள் பல. இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் அடைபடுதல், நெடுநாள் கவனிக்கப்படாத இரத்த அழுத்தம், கீல்வாதக் காய்ச்சலால் வால்வுகள் கெடுதல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவை ஒன்றும் இல்லாதிருக்கையில், தசையே நோயுறுவதும் உண்டு. அதுவே இருதயத் தசை நோய். வைத்திய நூல்கள் இதனைக் கார்டியோமயோபதி என்று குறிப்பிடுகின்றன.

இந்நோயில் மூன்று வகைகள் பெரிதும் காணப்படுகின்றன. முதல் வகையில் இருதயச் சுவர் தடித்து, அறையின் கொள்ளளவு சுருங்குகின்றது. இரண்டாம் வகையில் இருதயம் விரிந்து பருத்து, சுவர் வலுவிழக்கின்றது. மூன்றாம் வகையில் தசை விறைத்து, இரத்தம் நிரம்புவதற்கு வேண்டிய அளவு விரிந்து கொடுப்பதில்லை. மூன்றும் தளர்ச்சியில் முடியக்கூடும். முதல் வகையில் மற்றோர் ஆபத்தும் உண்டு: நலமாகத் தோன்றும் இளைஞர் ஒருவர் விளையாடும்போதோ ஓடும்போதோ திடீரென மயங்கி விழுந்து இறக்க நேரிடலாம்.

குடும்பத்தில் தொடரும் நோய்

1958-ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த டொனால்ட் டியர் என்னும் நோய்க்குறியியல் நிபுணர், இளவயதினர் எட்டுப் பேரின் இருதயங்களை ஆராய்ந்து, சுவரின் ஒரு பகுதி மட்டும் அளவுக்கு மீறித் தடித்திருந்ததை விவரித்தார். தடிக்கும் வகையைப் பற்றிய தற்கால அறிவு அதிலிருந்து தொடங்கிற்று எனலாம். இந்நோய் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் அதன் காரணம் 1990-இல்தான் வெளிப்பட்டது. கனடா நாட்டுக் குடும்பம் ஒன்றை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள், தசையைச் சுருங்கச் செய்யும் மயோசின் என்னும் புரதத்தின் ஜீனில் ஒரு பிழை இருப்பதை அவ்வாண்டு கண்டனர். 1995-இல் மற்றொரு புரதத்தின் ஜீனும் இந்நோய்க்குக் காரணமாவது தெரிய வந்தது. மயோசினைப் பற்றிக்கொண்டு அதன் வேகத்தை ஒழுங்கு செய்யும் 'சி' புரதமே அது. நம் கட்டுரையின் மையப் பொருளும் அதுவே.

பெற்றோருள் ஒருவரிடம் இத்தகைய பிழையுள்ள ஜீன் இருப்பின், ஒவ்வொரு குழந்தையும் அதனைப் பெறுவதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஆண் பெண் என்ற வேறுபாடு இதில் இல்லை. பிழையைப் பெற்றவர் அனைவரும் நோயுறுவர் என்பதும் இல்லை. ஒரே குடும்பத்தில் தமையன் இளமையில் நோயுறவும், அதே பிழையைப் பெற்ற தங்கை முதுமை வரை நலமாயிருக்கவும் காண்கிறோம். 1995-இல் அமெரிக்க இளைஞரிடையே செய்த ஆய்வின்படி, தடிக்கும் வகை நோய் ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவரிடம் காணப்பட்டது. ஆகவே இதனை அரிய நோய் என்று ஒதுக்குவதற்கில்லை.

இந்தியாவில் கண்ட குறை

'சி' புரதத்தின் ஜீன் பதினோராவது குரோமோசோமில் அமைந்துள்ளது. ஜீனின் செய்தி, டி. என். ஏ. என்னும் இழையில் நான்கு எழுத்துக்களாலான மொழியில் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம். பொருளுள்ள பகுதிகளுக்கு நடுவே, புரதத்தில் இடம் பெறாத இடைப்பகுதிகள் உண்டு. செல்லானது இடைப்பகுதிகளை நீக்கி, பொருளுள்ளவற்றை வரிசையாக இணைத்துப் படிக்கின்றது.

இவ்விடைப்பகுதி ஒன்றில் 25 எழுத்துக்கள் விடுபட்டிருப்பதை 2003-இல் இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் வெளியிட்டனர். இடைப்பகுதிதானே, அதனால் என்ன கேடு என்று வினவலாம். புத்தகம் கட்டுபவர் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் உள்ள குறியைப் பார்த்தே தாள்களை அடுக்குகிறார். குறி அழிந்துவிடின், எழுத்து நிறைந்த தாளே விடுபட்டுப் போகலாம். இங்கும் அவ்வாறே, 25 எழுத்துக்கள் மறைந்ததால் அடுத்துள்ள பொருளுள்ள பகுதி தவறவிடப்பட்டு, புரதத்தின் கடைக்கோடி மாறுபட்டு அமைகின்றது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கிய தண்டபாணியும், ஹைதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜும், பிற நாட்டு விஞ்ஞானிகளுடன் கூடி இதனை விரிவாக ஆராய்ந்தனர். இருதய நோயாளிகள் 800 பேரையும், நோயற்றவர் 699 பேரையும் ஒப்பிட்டனர். நாட்டின் பல பகுதிகளிலும் வாழும் பல்வேறு இனக்குழுக்களைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரையும் சோதித்தனர். 2009-இல் வெளியான முடிவுகள் உலகின் கவனத்தை ஈர்த்தன. இந்நீக்கம் இந்தியத் துணைக்கண்ட மக்களில் நூற்றுக்கு நால்வரிடம் காணப்பட்டது. அதனை உடையவர்களுக்கும் இருதய நோய்க்கும் உள்ள தொடர்பு, மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ ஏழு மடங்கு என்று கணக்கிடப்பட்டது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இக்குறை தோன்றியிருக்க வேண்டும் என்றும் மதிப்பிட்டனர். இதனால் வரும் நோய் பெரும்பாலும் மகப்பேற்று வயதைக் கடந்த பின்னரே தோன்றுவதால், குறை அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர்ந்துவிடுகின்றது. இயற்கைத் தேர்வினால் அது களையப்படவில்லை.

நூற்றுக்கு நான்கு என்னும் எண்ணை ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு கணக்காக விளக்கலாம். 140 கோடி மக்களில் இது 5 கோடியே 60 லட்சம் பேரைக் குறிக்கும். உறவில்லாத இருவர் மணந்தால், இருவரிடமும் இக்குறை இருப்பதற்கு 10,000-க்கு 16 வாய்ப்புண்டு. அத்தகைய பெற்றோரின் குழந்தை இருவரிடமிருந்தும் குறையைப் பெறுவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. ஆக, 10,000 குழந்தைகளுக்கு 4 என்றாகின்றது. நெருங்கிய உறவில் மணம் புரியும் குடும்பங்களில் இவ்வாய்ப்பு சில மடங்கு மிகும். மெண்டலின் விதிகள் பட்டாணிச் செடிக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை மாணவர் இதனால் உணர்வர்.

திருத்தம் பெற்ற முடிவு

ஐந்தரைக் கோடிப் பேருக்கு இருதய நோய் காத்திருக்கிறது என்று 2009-க்குப் பின் பலர் எண்ணலாயினர். ஆனால் அடுத்து வந்த ஆராய்ச்சிகள் அவ்வச்சத்தைப் பெரிதும் குறைத்துள்ளன.

அமெரிக்காவில் வாழும் தெற்காசிய வமிசத்தினர் ஏறத்தாழ 2,400 பேரைச் சோதித்த ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. நீக்கம் உடையவர்களுள் ஒரு சிறு பகுதியினரிடம் அதே ஜீனில் வேறொரு மாறுதலும் சேர்ந்திருந்தது. இருதயத்தின் இயக்கத்தில் வேறுபாடு காணப்பட்டது அச்சிறு பகுதியினரிடமே. 2020-இல் பிரிட்டன் முதலிய நாடுகளின் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட மறு ஆய்வும் இதே வழியில் சென்றது. தடிக்கும் வகை நோயாளிகளிடம் நீக்கம் மிகுதியாகக் காணப்பட்டதற்கு, அதனுடன் ஒட்டிச் செல்லும் மற்றோர் அரிய பிழையே காரணம் என்று அவர்கள் காட்டினர். ஒரே குரோமோசோமில் அருகருகே உள்ள இரு மாறுதல்கள் சேர்ந்தே குழந்தைக்குச் செல்கின்றன. ஒன்று செய்த குற்றம், உடன் வந்த மற்றொன்றின் மேல் ஏறிவிட்டது என்று சுருங்கச் சொல்லலாம்.

இதனால் முதல் ஆராய்ச்சி வீணாயிற்று என்று கருதுதல் ஆகாது. அது சுட்டிய இடத்தில் தோண்டியதாலேயே உண்மையான பிழை அகப்பட்டது. ஆயினும், இந்நீக்கம் மட்டும் உள்ள ஒருவரை நோயாளி என்று முத்திரையிடுவதும், அதன் பொருட்டு ஒரு பெண்ணின் திருமணத்தையோ ஓர் இளைஞனின் வேலையையோ தடுப்பதும் விஞ்ஞானத்துக்குப் பொருந்தாத செயல்கள். யாரைச் சோதிக்க வேண்டும் என்பதைக் குடும்பத்தின் வரலாறும், எக்கோ எனப்படும் ஒலி அலைச் சோதனையுமே தீர்மானிக்க வேண்டும்.

சிகிச்சையில் முன்னேற்றம்

1785-இல் வில்லியம் வித்தரிங் என்னும் ஆங்கில வைத்தியர் டிஜிட்டாலிஸ் செடியின் பயனை விவரித்த பின்னர், இரு நூற்றாண்டுகள் வரை நோயாளியின் ஆயுளை நீட்டிப்பதாக நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் ஏற்படவில்லை. 1987-இல் எனாலாப்ரில், 1999-இல் பீட்டா தடுப்பு மருந்துகளும் ஸ்பைரோனோலாக்டோனும் மரணத்தைக் குறைப்பதாகப் பெரும் ஆய்வுகள் நிரூபித்தன. 2019-இல், நீரிழிவுக்கென ஏற்பட்ட டாபாகிளிஃப்ளோசின் என்னும் மருந்து, நீரிழிவு இல்லாத இருதய நோயாளிகளுக்கும் பயன்படுவது 4,744 பேரிடம் செய்த ஆய்வில் தெளிவாயிற்று. இருதயம் விரிந்து வலுவிழந்தவர்களுக்கு இந்நால்வகை மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பதே இன்றைய முறை.

தடிக்கும் வகைக்கு இவ்விதி பொருந்தாது. அங்குச் சுவர் தடித்து இரத்தத்தின் வெளிவழி குறுகியிருக்குமாயின், குழாய்களை விரிக்கும் மருந்தும், நீரை மிகுதியாக வெளியேற்றும் மருந்தும் தீங்கு செய்யலாம். இத்தகையோருக்கென, மயோசினின் மிகையான இயக்கத்தைத் தணிக்கும் மவகாம்டன் என்னும் மருந்து 2022-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. ஆகவே எவ்வகை நோய் என்று அறியாமல், ஒருவருக்குப் பயன்பட்ட மாத்திரையை மற்றவருக்குக் கொடுத்தல் ஆபத்தாகும்.

மருந்துகள் இருந்தும் அவை உரியவரைச் சென்றடையவில்லை என்பதே பெருங்குறை. 2013-இல் திருவனந்தபுரம் மாவட்டத்து மருத்துவமனைகளில் தளர்ச்சிக்கெனச் சேர்க்கப்பட்ட 1,205 பேரின் விவரங்கள் பதிவு செய்யப்பட்டன. அவர்களின் சராசரி வயது 61. மூன்று ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் இறந்தனர். தசையின் வலுக் குறைந்திருந்தவர்களுள், முறைப்படியான மருந்துகளைப் பெற்றவர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே.

ஊழியர்கள் கவனிக்க வேண்டுவன

முன்பு எளிதில் ஏறிய மேட்டில் மூச்சு வாங்குதல், தட்டையாகப் படுக்க இயலாமல் தலையணைகளை உயர்த்திக்கொள்ளுதல், நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருதல், கணைக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுதல் ஆகியவை தளர்ச்சியின் அறிகுறிகள். ஆஸ்துமா என்றோ, இரத்தச் சோகை என்றோ, வயதின் தளர்வு என்றோ இவற்றைக் கருதிவிடாமல், எக்கோ சோதனை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

கருவுற்ற கடைசி மாதத்திலும், பிரசவித்த ஐந்து மாதங்களுக்குள்ளும் பெண்களுக்கு இருதயத் தசை நோய் புதிதாகத் தோன்றுவதுண்டு. கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது இயல்புதான் என்று வாளாவிருத்தல் கூடாது. வீக்கத்துடன் மூச்சுத் திணறலும் சேருமாயின் அன்றே மருத்துவ உதவி தேவை.

ஓடும்போது மயங்கி விழும் மாணவனைப் பட்டினியாலோ வெயிலாலோ விழுந்தான் என்று தேற்றி, மீண்டும் ஓட விடுதல் தவறு. அவனுடைய குடும்பத்தில் எவரேனும் இளமையில் திடீரென இறந்தனரா என்று ஆசிரியர் வினவ வேண்டும். அவ்வாறு இறந்தவர் உண்டெனில், அவனை மட்டுமன்றி, அவனுடைய பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் சோதிக்க வேண்டும்.

நோய் இன்னதென்று அறியப்பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியவை எளியவை. ஊறுகாய், அப்பளம், கருவாடு முதலியவற்றில் மறைந்துள்ள உப்பைக் குறைத்தல். நாள்தோறும் காலையில் எடை பார்த்து, இரண்டு மூன்று நாட்களில் 2 கிலோ ஏறினால் உடனே தெரிவித்தல். மூட்டு வலிக்கென டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ணாதிருத்தல். மதுவை விலக்குதல் ஆகியவை அவை. எல்லாவற்றினும் முக்கியமானது, உடல் தேறியதாகத் தோன்றியதும் மருந்தை நிறுத்திவிடாமை.

ஒரு ஜீனில் விடுபட்ட 25 எழுத்துக்களைத் தேடிய ஆராய்ச்சி, இருதயத் தசையைப் பற்றிய நம் அறிவை விரிவாக்கியுள்ளது. ஆனால் அவ்வறிவு ஒரு நோயாளியின் உயிரைக் காப்பதற்கு, வீட்டு வாயிலில் நின்று மூச்சுத் திணறலைப் பற்றியும், குடும்பத்தில் நேர்ந்த மரணங்களைப் பற்றியும் கேட்டறியும் ஊழியர் ஒருவர் வேண்டும்.