பிழை காட்டும் வழி

நுழையும்முன்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவருக்கு வறுமையாலோ மதிப்பெண் குறைவாலோ கல்லூரி வாயில் அடைபடுவதுண்டு. அவ்வாறு நின்றவர்கள் நிரலாக்கம் என்னும் துறையைக் கண்டடைந்த வரலாறு ஒன்று தென்சென்னைப் புறநகரில் உள்ளது.

தாம்பரத்திலிருந்து தெற்கே செல்லும் மின்தொடர்வண்டி பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் கடந்து கூடுவாஞ்சேரியை அடைகிறது. அதனை அடுத்த வல்லாஞ்சேரியில் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் பெருவளாகம் அமைந்துள்ளது. தஞ்சை மண்ணில் பிறந்து, தமிழ்வழியில் பள்ளிக்கல்வி பயின்ற ஸ்ரீதர் வேம்பு, உடன்பிறந்தோருடனும் நண்பர்களுடனும் 1996இல் தொடங்கிய நிறுவனம் இது. அட்வென்ட்நெட் என்பது அதன் பழைய பெயர்.

தொலைத்தொடர்புக் கருவிகளை உருவாக்குவோருக்குப் பிணைய மேலாண்மை மென்பொருள் ஆக்கித் தருவதே அதன் தொடக்ககாலத் தொழில். 2001ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க இணையத் தொழிலும் தொலைத்தொடர்புத் தொழிலும் சரிந்தன. வாடிக்கையாளர் பலர் விலகினர். பழைய பணி குறைந்ததால் பொறியாளர்கள் புதிய மென்பொருள்களை ஆக்கத் தலைப்பட்டனர். 2005இல் ஜோஹோ என்னும் பெயரில் இணையவழி எழுதுகருவி வெளிவந்தது. 2009இல் நிறுவனமே அப்பெயரை ஏற்றது.

அதற்குள் மற்றோர் உண்மையும் புலப்பட்டிருந்தது. சிறிய நிறுவனமாதலின், புகழ்பெற்ற கல்லூரிகளில் பயின்றோர் அங்கு வரத் தயங்கினர். பெயரறியாக் கல்லூரிகளிலிருந்து வந்தோரைச் சேர்த்துப் பழக்கியபோது, தேர்வு மதிப்பெண்ணுக்கும் நிரலெழுதும் திறனுக்கும் நெருங்கிய தொடர்பில்லை என்பது தெளிவாயிற்று. அவ்வாறாயின் கல்லூரிக்கே செல்லாதவருக்கு நேரே கற்பித்தால் என்ன? இவ்வினாவிலிருந்து பிறந்ததே இன்று ஜோஹோ கற்றல் பள்ளிகள் எனப்படும் அமைப்பு. முதலில் சேர்ந்தோர் அறுவர் மட்டுமே. கட்டணம் இல்லை, மாறாக, பயில்வோருக்கு உதவித்தொகை உண்டு. நிரலாக்கத்தோடு கணிதமும் ஆங்கிலமும் கற்பிக்கப்படுகின்றன. பட்டம் வேண்டா என்பதை உழைப்பு வேண்டா எனப் பொருள்கொள்வார் உளர்; ஈராண்டுக் கடும்பயிற்சியை அவர்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

அப்பள்ளியில் சேராமலே நிரலரானவரும் அந்நிறுவனத்தில் உண்டு. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்ற இளைஞர் ஒருவர், 2013இல் ஆயிரம் ரூபாயுடன் வீட்டைவிட்டு வெளியேறினார். அதில் பெரும்பகுதி தொடர்வண்டிச் சீட்டுக்கே செலவாயிற்று. வேலையின்றித் தெருவில் அலைந்தபின், ஜோஹோவில் பன்னிரண்டு மணிநேரக் காவற்பணி கிடைத்தது. மூத்த ஊழியர் ஒருவர் அவரிடம் கணினி பற்றி வினவினார். பள்ளியில் சிறிதளவு எச்டிஎம்எல் கற்றிருந்ததாக இளைஞர் கூறினார். அன்றுமுதல் நாள்தோறும் காவற்பணி முடிந்தபின் அவரிடம் பாடம் தொடர்ந்தது.

நிரலாக்கத்தின் இயல்பு இத்தகையோருக்குத் துணைநிற்கிறது. ஓர் அடைப்புக்குறியோ அரைப்புள்ளியோ விடுபட்டால் நிரல் இயங்க மறுக்கும். பெரும்பாலும் எத்தனையாம் வரியில் பிழை என்பதையும் கணினியே சுட்டும். திருத்தி, மீண்டும் இயக்கலாம். நூறுமுறை தவறினும் அது சினப்பதில்லை. எழுதியவர் எக்கல்லூரியில் பயின்றவர் என்று வினவுவதுமில்லை. பிழையின் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் கணத்தில் தோன்றும் மகிழ்ச்சியே பலரை இத்துறையில் நிலைபெறச் செய்கிறது.

எட்டுத் திங்களில் அக்காவலர், பயனர் தரும் உள்ளீட்டைக் காட்சியாக்கும் சிறு செயலி ஒன்றை உருவாக்கினார். அதனைக் கண்ட மேலாளர் நேர்காணலுக்கு அழைத்தார். தான் காவல்காத்த நிறுவனத்துக்குள் அவர் நிரலராக நுழைந்தார்.