லினக்ஸ் படிமத்தில் பின்னணிச் சேவைகள்

பள்ளியின் கணினிக் கூடத்தில் 30 கணினிகள் இருப்பின், ஒரே லினக்ஸ் படிமத்தை யாவற்றிலும் பதிப்பது எளிய முறையாகும். படிமம் என்பது இயக்க முறைமையும் வேண்டிய மென்பொருள்களும் அடங்கிய முழுப் பிரதியாகும். அதில் நேரும் ஒரு பிழை 30 கணினிகளிலும் தோன்றும். ஆகவே, அச்சு, வலைப்பின்னல், தொலைநுழைவு முதலியவற்றுக்காகப் பின்னணியில் இயங்கும் சேவைகளைப் படிமத்திலேயே ஒழுங்குபடுத்துதல் இன்றியமையாதது.

சேவையை இப்பொழுதே தொடங்குதல் வேறு. கணினி உயிர்பெறும்போது அது தானே தொடங்குமாறு அமைத்தல் வேறு. 2010-இல் வெளிவந்த சிஸ்டம்டி முறையில் முன்னதற்கு 'ஸ்டார்ட்', பின்னதற்கு 'எனேபிள்' என்பன கட்டளைகள். படிமத்திற்கு வேண்டுவது பின்னதே.

'சேஞ்ச் ரூட்' முறையில், தயாரிக்கும் கணினியின் கோப்புறை ஒன்றே புதிய முறைமையின் வேராகக் கொள்ளப்படுகிறது. அதனுள் தொடங்கும் சேவை உண்மையில் தயாரிக்கும் கணினியிலேயே இயங்கும். கோப்புகளைப் பிடித்துக்கொண்டு, படிமத்தைப் பிரித்தெடுக்கவும் விடாது. டெபியனிலும், அதனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றவற்றிலும், சில மென்பொருட் பொதிகள் நிறுவியவுடன் தம் சேவையைத் தொடங்க முற்படும். இதனைத் தடுக்க, 'பாலிசி-ஆர்சி.டி' என்னும் சிறு நிரலை இட்டு, அது 101 என்னும் முடிவெண்ணைத் தருமாறு செய்தல் வேண்டும். பணி முடிந்ததும் அதனை நீக்க மறத்தலாகாது. நீக்காவிடின், பின்னர்ப் பள்ளியில் நிறுவப்படும் பொதிகளின் சேவைகள் உடனே தொடங்கா. ஆசிரியருக்குக் காரணமும் புலப்படாது.

வேண்டாத சேவையை 'டிஸேபிள்' கட்டளையால் நிறுத்தி வைக்கலாம். ஆயினும், வேறொரு சேவை அழைப்பின் அது மீண்டும் எழக்கூடும். அவ்வாறும் எழாதிருக்க 'மாஸ்க்' கட்டளை உதவும். பிற்காலத்தில் தேவைப்படக்கூடிய சேவைக்கு முன்னதே போதுமானது.

தொலைநுழைவுச் சேவையாகிய எஸ்எஸ்ஹெச் நிறுவப்படும்பொழுது, கணினியை இனங்காட்டும் இரகசியச் சாவிகள் உண்டாகின்றன. அவை படிமத்தில் எஞ்சினால் 30 கணினிகளும் ஒரே சாவியைக் கொண்டிருக்கும். ஒன்று மற்றொன்றைப் போல நடிக்க வழி ஏற்படும். ஆதலின் அவற்றை அழித்து, ஒவ்வொரு கணினியும் முதன்முறை தொடங்கும்போது புதிய சாவிகளைப் படைக்குமாறு ஒரு சேவையை அமைத்தல் வேண்டும். கணினி அடையாள எண் உள்ள 'மெஷின்-ஐடி' கோப்பையும் வெறுமையாக்க வேண்டும். சிஸ்டம்டி தானே புதிய எண்ணை எழுதிக்கொள்ளும்.

இறுதியாக, படிமத்தை ஒரே கணினியில் பதித்து, தோல்வியுற்ற சேவைகள் உளவா என்று சோதித்தல் வேண்டும். குறை ஏதுமில்லை என்று உறுதியான பின்னரே ஏனைய 29 கணினிகளிலும் பதித்தல் முறையாகும்.