சோளக் கரிப்பூட்டை: நாலு வகை, மூணு வழி

சோளக்கதிரில் கருப்பைப் பார்த்ததும் "விதைநேர்த்தி பண்ணுங்க" என்பார்கள். பாதிதான் சரி. வங்கியில் கடன் மனுக்களைப் பிரித்துப் பழகியவன் நான். நோயையும் வந்த வழி பார்த்தே பிரிக்கிறேன்.

மணிக்குப் பதில் கெட்டித்தோல் மூடிய கரிப்பை இருந்தால் தானியக் கரிப்பூட்டை. தோல் சீக்கிரமே கிழிந்து தூள் உதிர்ந்து, பயிரும் குட்டையாக நின்றால் உதிரிக் கரிப்பூட்டை. இரண்டும் விதையில் ஒட்டி வருபவை. கிலோவுக்கு 4 கிராம் கந்தகத்தூள் கலந்து விதைத்தால் கட்டுப்படும்.

கதிர் முழுக்க ஒரே கரி உருண்டையானால் தலைக் கரிப்பூட்டை, அது மண்வழி. அங்கொன்றும் இங்கொன்றுமாக நீண்ட, லேசாக வளைந்த குழல்கள் தெரிந்தால் நீள் கரிப்பூட்டை, காற்றுவழி. இவற்றுக்கு விதைநேர்த்தியை மட்டும் நம்பாதீங்க. தலைக் கரிப்பூட்டை வந்த வயலில் அடுத்து பயறு போடுங்க.

எதுவானாலும் தோல் கிழியும் முன்னே கதிரைத் துணிப்பையால் மூடி அறுத்து, பையோடு கொதிநீரில் முக்கணும். அந்த வயலில் விதைக்கு எடுக்காதீங்க.