நந்திக்கடலைச் சுற்றி ஒரு வரலாற்று நடை

வன்னியின் வரலாற்றை நாம் பெரும்பாலும் பரீட்சைக்காகத் திகதிகளாக மனனம் செய்கிறோம். அந்த நிலத்தை நடந்து பார்த்தால் பாடம் இன்னும் தெளிவாகும். அதற்கு ஏற்றது முல்லைத்தீவில் நந்திக்கடல் களப்பைச் சுற்றிவரும் பாதை. நகரில் தொடங்கி முள்ளியவளை, வற்றாப்பளை, கேப்பாப்புலவு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் வழியாக மீண்டும் நகருக்கே வரலாம். ஒரே நாளில் நடந்து முடிக்கும் தூரமல்ல. விடுமுறையில் வாப்பாவுடன் பகுதி பகுதியாக நடந்தேன். வெயில் ஏறியதும் பஸ்ஸில் ஏறிக்கொண்டோம்.

1803 ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவில் ஆங்கிலேயர் வசமிருந்த கோட்டையைப் பண்டார வன்னியன் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கற்சிலைமட்டில் வொன் ட்ரிபேர்க் என்ற தளபதி அவனைத் தோற்கடித்தார். கற்சிலைமடு இச்சுற்றிலிருந்து விலகி ஒட்டுசுட்டானுக்கு அருகே உள்ளது. அங்கு நாட்டப்பட்ட ஆங்கிலக் கல்வெட்டு வென்றவரின் பெயரை முன்வைத்தது. மக்களோ அவ்விடத்தில் தோற்ற மன்னனையே நினைவுகூர்கிறார்கள். கல்லை நாட்டியவர் யார் என்று கேட்டுவிட்டே கல்வெட்டை வாசிக்க வேண்டும்.

முள்ளியவளையை ஒட்டியிருப்பது தண்ணீரூற்று. ஊரின் பெயரிலேயே அதன் நீர்வளம் தெரியும். என் உம்மம்மா பிறந்த ஊர் இது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் 70,000 இற்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டபோது அவரும் ஒரு பையுடன் புறப்பட்டார். புத்தளத்தில் எத்தனை வருடம் இருந்தும், "தண்ணீரூற்றுத் தண்ணியில போட்ட தேத்தண்ணி மாதிரி வராது" என்றே சொல்வார். அவர் சொன்ன அடையாளப்படி கிணற்றைக் கண்டுபிடித்தோம். வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு.

அடுத்தது வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவில். மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து தங்கிய பத்தாவது இடம் இது என்பதால் பத்தாப்பளை என்ற பெயர் வற்றாப்பளை ஆயிற்று என்பர். வைகாசிப் பொங்கலுக்காகக் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோவிலில் அந்நீரில் விளக்கேற்றுவது மரபு. அந்தப் பொங்கல் நாட்களின் சனக்கூட்டத்தை உம்மம்மா இன்றும் நினைவோடு சொல்வார்.

களப்பின் மறுகரையில் முள்ளிவாய்க்கால். 2009 மே மாதத்தில் போர் முடிந்த இடம். உயிர் தப்பியவர்கள் பெருந்திரளாக வட்டுவாகல் பாலத்தைக் கடந்தார்கள். அந்தப் பாலத்தில் நின்றபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இந்த ஒரே நீரின் ஒரு கரையிலிருந்து எங்கள் குடும்பம் போனது; பத்தொன்பது வருடங்களின் பின் மறுகரையிலிருந்து வேறு குடும்பங்கள் போயின. இரண்டு துயரங்களையும் தராசில் வைத்து நிறுக்க நான் விரும்பவில்லை. ஒன்றைச் சொல்ல மற்றதை மறைக்கவும் தேவையில்லை.

தோழியரே, உங்கள் ஊரிலும் இப்படி ஒரு சுற்றைத் தெரிவு செய்யுங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இப்பெயர் எப்படி வந்தது? இங்குள்ள அடையாளத்தை வைத்தவர் யார்? அடையாளம் எதுவும் இல்லாமல் போனவர் யார்? மூன்றாவது கேள்விக்கான விடை நூலகத்தில் கிடைப்பது அரிது. அது வீட்டுத் திண்ணையில், மூத்தவர்களிடம் இருக்கிறது. பெற்றோரே, அவர்கள் சொல்லும்போது பிள்ளைகளைக் கொப்பியும் பேனையுமாக அருகில் இருத்துங்கள்.